செம்மண்ணில் கிடந்த கலன்

"பல்லைக் காட்டுங்கோ" என்றேன்.

எதிரே இருந்தவர் கோப்பியை அப்படியே மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அறுபது தாண்டிய மனிதர், வெயிலில் காய்ந்து கறுத்த முகம். நாங்கள் முதன்முதலாகச் சந்தித்துக் கால் மணித்தியாலம்கூட ஆகியிருக்காது.

"என்னக்கா?"

"பல்லுப் பிடுங்கத்தான் ரவுணுக்குப் போனனான் எண்டு போனில சொன்னீங்கள். எந்தப் பல்லு?"

பக்கத்தில் இருந்த என் மகள் ஜனனி, "அம்மா, பிளீஸ், ஸ்ரொப்" என்று முகத்தைப் பொத்திக்கொண்டாள். அவர் கோபிக்கவில்லை. வாயைத் திறந்து, விரலால் கன்னத்தை இழுத்து, கீழ்வரிசையில் ஓர் இடைவெளியைக் காட்டினார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். பல் இல்லைதான். அந்த வயதில் யாருக்குத்தான் எல்லாப் பல்லும் இருக்கிறது?

ரொறன்ரோவின் வோபர்னில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் கோப்பிக் கடை அது. வீட்டுக்குக் கூப்பிடாமல் கடைக்குக் கூப்பிட்டது வேண்டுமென்றுதான். என் தம்பியைக் கொன்றவனாக இருக்கலாம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ஆளை எப்படி வீட்டுக்குள் விடுவது?

தயா போன வழி

என் தம்பி தயாபரன் எங்களுக்குத் தயா. எல்லோரும் கனடாவுக்கு ஓடிய காலத்தில் அவன் மட்டும் அவுஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போனான். படிப்பை அரைவாசியில் விட்டான். பேர்த் நகரத்தில் டாக்சி ஓடினான். கலியாணப் பேச்சு எடுத்தால் போனை வைத்துவிடுவான். பிறகு ஒருநாள், "அக்கா, நான் பொன் தேடப் போறன்" என்றான்.

விளையாடுகிறான் என்று நினைத்தேன். அவன் உண்மையாகவே போய்விட்டான். மேற்கு அவுஸ்திரேலியாவின் உட்பகுதியில், பழைய பொன் வயல்களில், இன்றைக்கும் ஆட்கள் அப்படித் திரிகிறார்களாம். கையில் ஒரு நீளத்தடிக் கருவி. அதை நிலத்தின் மேல் ஆட்டிக்கொண்டு நடக்க வேண்டும். கீழே உலோகம் இருந்தால் காதுக்குள் கூவும். தோண்டினால் அநேகமாகத் துருப்பிடித்த ஆணி. எப்போதாவது நெல்மணி அளவில் பொன். சுற்றிவரச் செம்மண்ணும் பற்றையும்தான். மணித்தியாலக் கணக்கில் ஓடினாலும் ஒரு வீடு வராது.

கோடை தொடங்க மற்றவர்கள் எல்லோரும் வெளிக்கிட்டு விடுவார்கள். இவனும் இவனுடைய கூட்டாளியும் கோடையிலும் அங்கேயே நின்றார்கள். ஏனடா என்று கேட்டேன். "மற்ற ஆக்கள் போனாப் பிறகு நிலம் முழுக்க எங்கட தானே அக்கா" என்றான். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. அந்தக் கூட்டாளியையும் பிடிக்கவில்லை. முகம் தெரியாத ஒருவன், ஒரு வாகனம், ஒரு கூடாரம், நடுவில் பொன். பிடிக்குமா?

ஞாயிற்றுக்கிழமைகளில் சிக்னல் கிடைக்கும் மேடு ஒன்றில் ஏறி நின்று எனக்குப் போன் எடுப்பான். ஒருநாள் எடுத்த எடுப்பிலேயே, "இண்டைக்கு ஒருத்தனைச் சந்திச்சன்" என்றான்.

"ஆர்?"

"தெரியாது. செத்து நூறு வருசத்துக்கு மேல இருக்கும்."

பற்றைக்குள் நீளவாக்கில் அடுக்கின கற்கள். தலைமாட்டில் குப்புறக் குத்திய ஒரு போத்தல். பக்கத்தில் துருவேறிய தகரப் பேணிகள். அந்தக் காலத்தில் பொன் தேடி வந்தவர்கள் தண்ணீர் இல்லாமலும் காய்ச்சல் வந்தும் போகிற வழியிலேயே செத்தார்களாம். கூட வந்தவன் பிணத்தைப் போர்வையில் சுற்றி அந்த இடத்திலேயே புதைத்துவிட்டு, ஒரு தகரத்தில் ஆணியால் பெயரைக் குத்தி வைத்துவிட்டு நடப்பானாம். சிலவேளை கூட்டாளிக்கே முழுப் பெயர் தெரியாதாம். தகரமும் துருவில் போய்விட்டால் பிறகு ஆர் எவர் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது. கடலுக்கு அங்கால் ஒரு தாய் கடைசிவரை பார்த்துக்கொண்டு இருந்திருப்பாள்.

"கூட வந்தவனே கொன்றுபோட்டுத் தாட்டானோ, ஆருக்குத் தெரியும்?" என்றேன்.

தயா விழுந்து விழுந்து சிரித்தான். "அக்கா, உங்களுக்கு நூறு வருசத்துக்கு முந்திச் செத்தவனிலயும் சந்தேகமோ?" பிறகு சொன்னான்: "நான் ஒரு கல்லு எடுத்து மேல வைச்சிட்டு வந்தன். பாவம், ஒருத்தரும் வராத இடம்."

என் புத்தி

நான் எழுதிவரும் இந்தத் தொடரை முதலிலிருந்து வாசிப்பவர்களுக்கு என் சந்தேகப் புத்தி பழக்கமாகியிருக்கும். இது கனடாவில் வந்ததல்ல. ஊரில், போர்க்காலத்தில், சோதனைச் சாவடியில் என் பையைக் குடைகிறவனின் முகத்தைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவள் நான். யார் யாரைக் காட்டிக்கொடுப்பார்கள் என்று தெரியாத காலம் அது. அயலில் இருந்து சீனி கேட்டு வந்தாலும் ஏன் இந்த நேரத்தில் வந்தவள் என்று யோசிப்பேன். ரொறன்ரோவுக்கு வந்து இவ்வளவு காலமாகியும் கதவு மணி அடித்தால் மேல்மாடி யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவேன்.

என் வீட்டுக்காரர் அதிகம் கதைக்கிறவர் அல்ல. கதைத்தால் இப்படித்தான் கதைப்பார்: "உவ உப்பையும் நக்கிப் பாத்துத்தான் உப்பெண்டு நம்புவா."

அறிவித்தல் போடாத சாவு

ஒரு பின்னேரம் வேலையால் வந்து பனிச் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு நிற்கிறேன், தெரியாத நம்பரில் இருந்து அழைப்பு.

"அக்கா, நான் சவிரிமுத்து. மன்னார் ஆள். தயாவோட கூட நிண்டனான்."

நிண்டனான் என்றார், நிக்கிறன் என்று சொல்லவில்லை; ஒற்றைச் சப்பாத்தோடு வாசலிலேயே இருந்துவிட்டேன். தயா வெயில் அடித்துச் செத்துப்போனான் என்றார். தான் பல்லுப் பிடுங்க வாகனத்தை எடுத்துக்கொண்டு ரவுணுக்கு, தூரத்து நகரத்துக்கு, போயிருந்த சமயத்தில் தனியாக வெளிக்கிட்டு நடந்தானாம். பொலிஸ் வந்து விசாரித்து, உடலைச் சோதித்துத் திருப்பித் தந்ததாம். பக்கத்துப் பழைய ரவுணின் மயானத்தில் புதைத்தாயிற்றாம். புதைத்தே சில வாரங்கள் ஆகிவிட்டதாம்.

"இப்பதான் சொல்லுறீங்களோ?"

"உங்கட நம்பர் தயாவின்ர போனுக்குள்ள. போனைப் பொலிஸ் வைச்சிருந்தது."

"ஏன் தாட்டனீங்கள்? நாங்கள் சைவம். எரிக்கிறதெல்லோ?"

அங்கால் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "வேற வழி இருக்கேல்லை அக்கா" என்றார். அந்த இடைவெளி என் காதிலேயே நின்றுவிட்டது. உண்மை சொல்கிறவனுக்கு ஏன் இடைவெளி?

குரலைக் கேட்டால் என்னைவிட மூத்தவன்; என்னை அக்கா என்கிறானே, அதுவும் ஏன்?

எங்கள் ஆட்களின் சாவு எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இணையத்தில் மரண அறிவித்தல் வரும். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன இடத்தை வதிவிடமாகவும் கொண்டவர் என்று தொடங்கி, நாலு நாட்டில் இருக்கிற மச்சான் மச்சாள் வரைக்கும் பெயர் வரும். ஸ்காபரோவில் பார்வைக்கு வைப்பார்கள். வரமுடியாதவர்களுக்கு நேரலை. முகத்தைப் பார்த்தால்தான் எங்களுக்கு ஒருவர் செத்தவர். நான் தயாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்த ஒரே தமிழன் சவிரிமுத்து.

நான் அறிவித்தல் போடவில்லை. முப்பத்தோராம் நாள் செய்கிற அந்தியேட்டிக் கிரியையையும் செய்ய விடவில்லை. என் தம்பி எப்படிச் செத்தான் என்று தெரியாமல் அவனை எப்படி வழியனுப்புவது? ஒருத்தன் கொன்றிருந்தால், நான் செய்கிற கிரியை அவன் செய்ததை மூடிவிடும் என்று எனக்குப் பட்டது. பொலிஸ் அறிக்கை இருக்கிறதே என்று ஜனனி சொன்னாள். செத்தவனின் பெயருக்கு எதிரே ஆமிக்காரன் சொன்ன காரணத்தை எழுதிக் கொடுக்கிற ஊரில் இருந்து வந்தவளுக்கு அறிக்கை ஒரு பெரிய விசயமா?

படம்

புதைகுழியின் படத்தை அனுப்பச் சொன்னேன். ஒன்றே ஒன்று வந்தது.

செம்மண் மேடு. சுற்றிவரக் கற்கள். பின்னால் ஒரு கம்பி வேலி, அதற்கு அங்கால் ஒன்றுமில்லை. அப்படி ஒரு வெறுமையை நான் பார்த்ததில்லை. என் தம்பி இதற்குள்ளா கிடக்கிறான் என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

ஜனனிதான் முதலில் கண்டாள். "அம்மா, லுக். இதில என்ன கிடக்குது?" படத்தை விரலால் பெரிதாக்கினாள். மேட்டின் கால்மாட்டில் ஒரு வெள்ளைப் பிளாஸ்ரிக் தண்ணீர்க் கலன் சரிந்து கிடந்தது. அதன் பக்கவாட்டில் மூன்று ஓட்டைகள். ஒன்றின் கீழ் ஒன்று.

"புலெற் ஹோல்ஸ் மாதிரி இருக்கம்மா" என்றாள், பாதி விளையாட்டாக.

எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை. சுட்டுப் பழகியிருக்கிறானோ? அல்லது தயாவின் தண்ணீர்க் கலனை ஓட்டை போட்டு ஒழுகவிட்டு வாகனத்தையும் எடுத்துக்கொண்டு போனானோ? அப்படிச் செய்தால் கையில் இரத்தம் படாமல் ஒருவனைக் கொல்லலாம். வெயில் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். எந்தப் பொலிஸும் வெயில் என்றுதான் எழுதும்.

அவுஸ்திரேலியப் பொலிசுக்கு மின்னஞ்சல் எழுதச் சொல்லி ஜனனியை நாள்தோறும் நச்சரித்தேன். அவள் அரைமனதோடு எழுதத் தொடங்கியிருந்தபோது சவிரிமுத்துவே போன் எடுத்தார். இங்கே பக்கத்து நகரமான பிறம்ரனில் இருக்கும் தன் மகளைப் பார்க்க வருகிறாராம். என்னை நேரில் சந்தித்து ஒரு விசயம் கேட்க வேண்டுமாம்.

எழுதிய மின்னஞ்சலை அனுப்பாமல் வைத்திரு என்று மகளிடம் சொன்னேன். ஆள் தானாகவே வருகிறான், கேட்டுவிட்டு அனுப்புவோம்.

மேசையைச் சுற்றி

பல்லைப் பார்த்து முடித்தபிறகு கேள்விகளைத் தொடர்ந்தேன். அவர் ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னார். பின்னேரமே திரும்பி வருவதாகச் சொல்லிப் போனாராம். பல்வைத்தியர் அடுத்தநாள் வரச்சொல்லிவிட்டாராம். திரும்பி வந்தபோது கூடாரம் வெறுமையாம். தேடி, ஒரு மரத்தடியில் கண்டாராம். அவன் கருவியை மடியில் வைத்தபடி சாய்ந்திருந்தானாம்.

இதற்கிடையில் நான் ஒன்றைக் கவனித்தேன். ஜனனி குடித்து மிச்சம் விட்ட தண்ணீரை அவர் கேட்டு வாங்கித் தன் போத்தலுக்குள் ஊற்றி மூடினார். ஒரு துளி சிந்தவில்லை. கஞ்சன், பொன்னிலும் கஞ்சனாகத்தான் இருந்திருப்பான் என்று நினைத்தேன்.

போனை எடுத்துப் படத்தைப் பெரிதாக்கி அவர் முன்னால் வைத்தேன்.

"உது என்ன ஓட்டை?"

அவர் முகம் மாறிவிட்டது. போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிடிபட்டான் என்று நினைத்தேன். எனக்கு வந்தது மகிழ்ச்சியா பயமா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

"அதைக் கேக்கத்தான் அக்கா நான் வந்தனான்" என்றார்.

"என்னட்டையோ?"

"நான் வேதக்காரன், கிறிஸ்தவன். எனக்கு உங்கட முறை வடிவாத் தெரியாது. சின்னனில எங்கட ஊரில சைவ ஆக்களின்ர செத்தவீட்டுக்குப் போய்ப் பாத்தது மட்டும்தான். அவன் சைவம். ஒண்டும் செய்யாமல் மிருகம் மாதிரிப் புதைக்க எனக்கு மனம் வரேல்லை. எரிக்கிற இடம் கனதூரம், வெளியில ஒரு குச்சி பத்தவைக்கவும் விடாங்கள், கோடையில நெருப்புக்குத் தடை. கொள்ளிக்கு ஒரு விறகுத்தடியைப் பத்தவைக்காமலே பிடிச்சன். குடத்துக்கு எங்க போறது? உந்தக் கலன்தான் இருந்தது."

நான் படத்தில் கிடந்த கலனைத் திரும்பக் குனிந்து பார்த்தேன்.

"தோளில வைச்சுச் சுத்தினன். கென் எண்டு ஒரு கிழவன், அவனும் பொன் தேடுறவன், பின்னால வந்தான். ஒவ்வொரு சுத்துக்கும் நான் நிக்க, அவன் தன்ர பிக்கான் கோடாலியால ஒரு குத்து. மூண்டு சுத்து, மூண்டு குத்து. அங்க தண்ணியை நிலத்தில விடுறதெண்டால் ஆக்கள் சண்டைக்கு வருவாங்கள் அக்கா. அவன் தொப்பியைக் கழட்டிப்போட்டு நிண்டான்."

என் புத்தி அப்போதும் விடவில்லை. கதை கட்டுகிறவன் எதையும் கட்டுவான். "எப்பிடிச் சுத்தினீங்கள்? காட்டுங்கோ" என்றேன்.

அவர் எழும்பினார். தண்ணீர்ப் போத்தலை இடத்தோளில் வைத்தார். கோப்பிக்கு வரிசையில் நின்ற சனம் பார்க்கப் பார்க்க, எங்கள் மேசையைச் சுற்றி நடந்தார். செத்தவீட்டில் சுற்றுகிற மாதிரி இடமாகச் சுற்றினார். கோயிலைச் சுற்றுவதுபோல வலமாக அல்ல. புளுகுகிறவன் அப்படிச் சுற்றியிருக்க மாட்டான். பார்த்தவன்தான் அப்படிச் சுற்றுவான்.

இதை நான் படத்திலேயே கண்டுபிடித்திருக்க வேண்டாமா என்று நீங்கள் கேட்பீர்கள். ஊரில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. இங்கே, அப்பாவின் செத்தவீட்டில் நான் பார்த்தது வெறுங்குடம். மண்டபத்துக் கம்பளம் நனைந்துவிடும் என்று தண்ணீர் விட விடவில்லை. ஐயர் கத்தியால் மூன்று தரம் தட்டிக் காட்டினார், முடிந்தது. ஓட்டையையும் ஒழுகுகிற தண்ணீரையும் நான் கண்ணால் கண்டதே இல்லை. ஒழுங்காகக் குடம் சுற்றின ஒருவனைத்தான் கொலைகாரன் என்று நினைத்திருந்தேன்.

அவர் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது.

"அது அவன் விட்டிட்டுப் போன கலன் அக்கா. நிறையத் தண்ணி. கூடாரத்துக்குள்ளயே வைச்சிட்டு நடந்திருக்கிறான். கிட்டத்தான் போறன் எண்டு நினைச்சிருப்பான், காதுக்க கூவினால் அவன் நிக்கமாட்டான். அந்தத் தண்ணியை நான் குடிக்கிறதோ? அது அவன்ர தண்ணி. அவனுக்குத்தானே குடுக்கோணும்."

ஜனனி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் துடைக்கவில்லை. வழிந்தது வழியட்டும் என்று விட்டுவிட்டேன். அவன் செத்த செய்தி வந்து அத்தனை மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது.

"கேக்க வந்தது என்னெண்டால்" என்று அவர் தயங்கினார். "கடைசியில குடத்தைப் பின்பக்கமாப் போட்டு உடைக்கோணும் என்ன? நானும் திரும்பிப் பாக்காமல் போட்டன். பிளாஸ்ரிக் அக்கா. உடையேல்லை. துள்ளிப்போய்க் கிடந்தது. அது பிழையோ? அவன் போகாமல் அங்கயே நிண்டிடுவானோ? அண்டையில இருந்து எனக்கு அதுதான் யோசனை."

இதைக் கேட்கத்தான் அந்த மனிதர் உலகத்தின் மறுபக்கத்தில் இருந்து வந்திருந்தார்.

"வீட்டை வாங்கோ அண்ணை" என்றேன். "ஐயரிட்டைக் கேப்பம்."

ஏரிக்கரை

முதலாம் வருட நினைவான ஆட்டைத் திவசத்துக்குச் சில நாட்களே இருந்தன. ஐயரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விட்டுப்போன அந்தியேட்டியையும் சேர்த்துச் செய்யலாம் என்றார். கலன் உடையாததையும் சொன்னேன். "தண்ணி முழுக்கப் போயிட்டுதோ?" என்று சவிரிமுத்துவைக் கேட்டார். "ஓம் ஐயா, கடைசித் துளி வரைக்கும்" என்றார் இவர். "அப்ப அது காணும், போதும்" என்றார் ஐயர்.

மின்னஞ்சலை ஜனனி அழித்தாள். நான் பக்கத்தில் நின்று, அழிந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டேன். பிறகு மரண அறிவித்தல் எழுதினேன். வதிவிடம் என்ற இடத்தில் அந்தப் பழைய ரவுணின் பெயரைப் போட்டேன். ஒருவரும் கேள்விப்படாத பெயர். நாலு பேர் போன் எடுத்து அது எங்கே என்று கேட்டார்கள்.

ஒரு காலை, ஸ்காபரோ மலைச்சரிவின் கீழே ஏரிக்கரையில் கூடினோம். நாங்கள் மூவர், சவிரிமுத்து அண்ணை, ஐயர். ஐயர் தர்ப்பையை எடுத்துக்கொண்டு வழக்கம்போலக் கேட்டார்: "கொள்ளி வைச்சவர் ஆர்? அவர்தான் கிரியைக்கு இருக்கோணும்."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் சவிரிமுத்து அண்ணையைப் பார்த்தேன். அவர் கழுத்துச் சிலுவையைத் தொட்டு, "இதைக் கழட்டவோ ஐயா?" என்றார்.

"அது கிடக்கட்டும். மந்திரத்தில சொல்லோணும், செத்தவருக்கு நீங்கள் என்ன முறை?"

அவர் சிலுவையைச் சட்டைக்குள் விட்டார்.

"தமையன்" என்றேன் நான்.

ஐயர் தர்ப்பையை அண்ணையின் விரலில் போட்டுவிட்டார். மந்திரம் தொடங்கியது. பிண்டம் வைத்து, எள்ளும் தண்ணீரும் விடச்சொன்னார். அண்ணை செம்பைச் சரித்தார். துளித்துளியாக, மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று செம்புக்குள் பார்த்துப் பார்த்து விட்டார். எதிரே கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஏரி கிடந்தது.

நான் கிட்டப் போய்க் குனிந்தேன்.

"அண்ணை, இஞ்ச தண்ணிக்குக் குறையில்லை. அவனுக்கு நல்லா ஊத்துங்கோ."